வாசலில் நின்று ஆள் பார்க்காதீர்கள்

தோழியரே,

மார்ச் 8 ஊர்வலத்துக்கோ, எங்கோ ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டித்து அவசரமாகக் கூட்டும் ஆர்ப்பாட்டத்துக்கோ ஆயத்தக் கூட்டம் போடும்போது, இப்போதெல்லாம் இரண்டு பேச்சுகள் எழுகின்றன. “திருநங்கைகளையும் கூப்பிட்டால் கேமரா எல்லாம் அவர்கள் பக்கம் போய்விடும். நம் கோரிக்கை அடிபட்டுப் போகும். இந்த முறை பெண்கள் பிரச்சினையை மட்டும் பேசுவோம்” என்பது ஒன்று. “கருப்பை, மாதவிடாய் என்றெல்லாம் தட்டியில் எழுதாதீர்கள், அது சிலரைப் புண்படுத்தும்” என்பது இன்னொன்று. முன்னது ஒரு திருநங்கையை வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறது. பின்னது உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வாயைக் கட்டுகிறது. இரண்டையும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக்கூடிய காரியம் இல்லை இது. ஏன் என்பதைச் சொல்ல, கொல்கத்தாவின் ஓர் இரவிலிருந்து தொடங்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 9 காலை, ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு பயிற்சி மருத்துவரின் உடல் கிடந்தது. நெடுநேரப் பணிக்கு நடுவே சற்றுக் கண்ணயர அங்கே போனவர். வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஐந்து நாள் கழித்து, சுதந்திர தினம் பிறக்கும் நள்ளிரவில், வங்காளத்துப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ‘இரவைக் கைப்பற்றுவோம்’ என்பதுதான் அழைப்பு. எந்தக் கட்சியும் கூட்டிய கூட்டமில்லை. கொல்கத்தாவில் தொடங்கி மாவட்டத் தலைநகரங்கள், சிற்றூர்கள் என்று பரவி, மாநிலத்துக்கு வெளியேயும் போனது. அந்த நேரத்தில் தெரு எப்படி இருக்கும் என்று பார்த்தே இராத பெண்கள் அன்று அதன் நடுவில் நின்றார்கள்.

மாநில அரசு என்ன பதில் சொன்னது தெரியுமா? சில நாட்களிலேயே ‘இரவின் துணைவர்கள்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் கண்ட யோசனைகளில் ஒன்று, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி தராமல் இருப்பது. இரவை எங்களுக்குக் கொடு என்று கேட்டவர்களிடம், நீ வீட்டிலேயே இரு என்றது அரசு. பாதுகாப்புத் தருவதுதான் அரசின் கடமை, பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்குவது இல்லை என்று உச்ச நீதிமன்றம் அடுத்த மாதம் கண்டித்த பிறகே அந்த யோசனையைத் திருத்த ஒப்புக்கொண்டார்கள்.

அந்தப் போராட்டம் நீண்டபோது, அழைப்பில் ‘பெண்கள்’ என்ற சொல்லோடு ட்ரான்ஸ் மக்களும் குயர் மக்களும் சேர்ந்தார்கள். எதற்கு இதெல்லாம், செத்தது ஒரு பெண் மருத்துவர்தானே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கேட்டவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. ஒரு பெண்ணின் உடல் இன்னும் கண்முன் கிடக்கும்போது, துக்கத்தை யாரோடும் பங்கிட மனம் வராது. ஆனால் கேள்விக்குப் பதில் உண்டு. இரவு யாருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது? தெலங்கானாவில் ஒரு பழைய நிஜாம் காலச் சட்டம் இருந்தது. பெண் உடையில் தெருவில் காணப்படும் திருநங்கையைப் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம் என்றது. அதை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது 2023 ஜூலையில்தான். மருத்துவருக்கு இரவு வேலை வேண்டாம் என்ற யோசனைக்கும், சேலை கட்டித் தெருவில் நின்றாலே பிடித்துப் போடு என்ற சட்டத்துக்கும் வேர் ஒன்று. நேரம் கெட்ட நேரத்தில் வெளியே வந்தவள் எதற்கும் துணிந்தவள், அவளுக்கு என்ன நடந்தாலும் அவளே பொறுப்பு என்ற எண்ணம்தான் அந்த வேர்.

இனி நான் சொல்வதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். நம் சண்டை எங்கே நடக்க வேண்டும், எங்கே நடந்துகொண்டிருக்கிறது என்பது இதில்தான் தெரியும்.

அந்த ஆகஸ்ட் இரவுக்கு ஆறு வாரம் முன்பு, 2024 ஜூலை 1 அன்று, இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 63ஆம் பிரிவு வல்லுறவை வரையறுக்கிறது. செய்பவன் ஆண், பாதிக்கப்படுபவள் பெண். குறைந்தது பத்தாண்டுச் சிறை. அந்தப் பிரிவின் அடியில் இரண்டாவது விலக்கு ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறையாத தன் மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது என்கிறது அது. அவள் வேண்டாமென்று கதறினாலும் ஆகாது. பழைய சட்டத்தில் இருந்த அதே விலக்கு புதிய புத்தகத்திலும் கவனமாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அதே புத்தகத்தில் இன்னொன்று காணாமல் போயிருக்கிறது. ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கிய பழைய 377ஆம் பிரிவை 2018இல் உச்ச நீதிமன்றம் திருத்தியபோது, விருப்பப்பட்டு வாழும் வயது வந்தவர்களை விடுவித்தது. வலுக்கட்டாயமாகச் செய்யப்படும் குற்றத்துக்கு அந்தப் பிரிவை அப்படியே விட்டுவைத்தது. ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் இருந்த ஒரே கடுமையான சட்டப் பாதுகாப்பு அந்த மிச்சம்தான். புதிய சட்டத்தில் 377க்கு ஈடாக ஒரு வரிகூட இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு அதைச் சேர்க்கும்படி சொல்லியும் சேர்க்கவில்லை. எஞ்சியது திருநர் உரிமைப் பாதுகாப்புக்கென்று 2019இல் இயற்றிய சட்டத்தின் 18ஆம் பிரிவு. பாலியல் வன்கொடுமை உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து அது வைத்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. அறுவை சிகிச்சை முடித்துப் பெண் என்று சான்றிதழும் வைத்திருக்கும் ஒரு திருநங்கை, நீதிமன்றத்தில் வாதாடி 63ஆம் பிரிவுக்குள் இடம் தேடலாம். காகிதம் இல்லாதவள், சிகிச்சைக்குக் காசு இல்லாதவள் என்ன செய்வாள்?

இப்போது இரண்டு இளம் உயிர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருத்தி பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். பதினெட்டு ஆகும்வரை கணவன் செய்யும் வல்லுறவு சட்டப்படி வல்லுறவுதான். 2017இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மற்றவள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பதினேழு வயது திருநங்கை. போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை, பதினெட்டு வயதுக்குக் கீழான எல்லாக் குழந்தைகளையும் காக்கிறது. ஆக அவளுக்கும் பாதுகாப்பு உண்டு. பதினெட்டாம் பிறந்தநாள் வருகிறது. அன்றோடு இருவருக்கும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஒருத்தி மனைவி என்பதால் போகிறது. மற்றவள் சட்டம் பெண்ணென்று ஒப்புக்கொள்ளாதவள் என்பதால் போகிறது. ஒரே நாளில் ஒரே புத்தகம் இருவரையும் கைவிடுகிறது.

அவர்களைத்தான் ஒருவர் பிரச்சினை மற்றவர் பிரச்சினையை மறைக்கிறது என்று சொல்லி நாம் தனித்தனியாக நிற்கவைக்கிறோம்.

இதில் மதுரையிலிருந்து ஒரு தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் கோவிலில் மணமுடித்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. நல்ல தீர்ப்பு, நம்மில் பலர் கொண்டாடினோம். ஆனால் அவள் மனைவி ஆகிவிட்டால், மனைவிக்கு மறுக்கப்படும் பாதுகாப்பு நாளை அவளுக்கும் மறுக்கப்படும். திருமண வல்லுறவைக் குற்றமாக்கு என்ற கோரிக்கை ‘பெண்கள் பிரச்சினை’, திருநங்கை அதில் எதற்கு என்று இனிமேலும் யாரும் கேட்க முடியாது.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மூத்த தோழியர் ஒரு கவலை சொல்வார்கள். அதை ஒதுக்காதீர்கள், அதில் அனுபவம் இருக்கிறது. டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டு வல்லுறவுக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை தந்தது. பாதிக்கப்படுபவர் எந்தப் பாலினமாகவும் இருக்கலாம், குற்றவாளி ஆண் என்றே வைக்க வேண்டும் என்றது. திருமண விலக்கை நீக்கவும் சொன்னது. அடுத்து வந்த அவசரச் சட்டமோ குற்றவாளியின் பாலினத்தையும் பொதுவாக்கிவிட்டது. புகார் கொடுக்கும் பெண்மீதே எதிர்ப்புகார் போட்டு அலைக்கழிக்க அது வழிசெய்யும் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. எதிர்த்தது சரி. கடைசியில் நிறைவேறிய சட்டம் குற்றவாளி ஆண், பாதிக்கப்படுபவள் பெண் என்ற பழைய வடிவத்துக்கே திரும்பியது. அந்தப் போக்கில் திருநங்கைகள் வெளியே விழுந்தார்கள். திருமண விலக்கும் தங்கிவிட்டது. வர்மா குழு சொன்ன வழியில் பெண்களின் பயத்துக்கும் இடம் இருந்தது, திருநங்கையின் உடலுக்கும் இடம் இருந்தது. எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வாசகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கிறது. அதைக் கையில் எடுக்காமல், ஊர்வலத்தின் முன்வரிசையில் யார் நிற்பது என்று மல்லுக்கு நிற்கிறோம்.

‘முதலில் பெண்கள் பிரச்சினை தீரட்டும்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். தோழியரே, இந்த ‘முதலில்’ என்ற சொல்லை நாம் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறோம்! முதலில் விடுதலை வரட்டும், பெண் விஷயம் அப்புறம் என்றார்கள். முதலில் வர்க்கப் போராட்டம் என்றார்கள். சாதி ஒழியட்டும், உன் வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவராதே என்று தலித் பெண்களிடம் சொந்த இயக்கத்து ஆண்களே சொன்னார்கள். பெண்ணாய் ஒன்று சேர்வோம், சாதியைப் பிறகு பேசுவோம் என்று அவர்களிடம் நம் மேடைகளும் சொன்னதுண்டு. அந்த ‘பிறகு’ வரவில்லை. காத்திரு என்று சொன்ன எல்லாரையும் மீறித்தான் பெண்கள் இயக்கம் என்று ஒன்று உண்டானது. அந்தச் சொல்லை நாம் எடுத்து இன்னொருவர்மீது வீச நமக்கு உரிமை இல்லை.

நம் இயக்கம் எந்த வழக்கில் தெருவுக்கு வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1972இல் மகாராஷ்டிரத்தின் ஒரு காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி காவலர்களால் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டாள். அவள் ஏற்கெனவே உறவுக்குப் பழகியவள் என்றது விசாரணை நீதிமன்றம்; உடலில் காயமில்லை என்று காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடல் நாட்டை உலுக்கியது. ஊர் ஊராகப் பெண்கள் திரண்டார்கள், 1983இல் சட்டம் மாறியது. மதுரா கூலி வேலை செய்தவள். ஊர் மெச்சும் ‘நல்ல பெண்’ என்ற கணக்கில் அவள் வரவில்லை. அவள் நம்மில் ஒருத்தியா என்று விசாரித்துவிட்டா அன்று இறங்கினார்கள்? அவள் உடலையும் ஒழுக்கத்தையும் நீதிமன்றம் எடைபோட்டதே, அந்த எடைபோடலை எதிர்த்துத்தான் இறங்கினார்கள்.

இன்று நாம் வாசலில் நின்று ஆள் பார்த்தால் அந்த எடைபோடும் வேலையை நாமே செய்கிறோம். அது யார்மீது விழும் என்றும் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜனை மறந்துவிட்டோமா? 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். நீ பெண்தானா என்று சோதித்தார்கள். பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. பிறகு அவரும் செங்கல் சூளையில் கூலிக்குப் போனார். பெண்களின் போட்டியைக் காப்பாற்றத்தான் அந்தச் சோதனை என்றார்கள். அது நசுக்கியது ஒரு தலித் பெண்ணின் வாழ்க்கையை. உண்மையான பெண் யார் என்று கேட்க ஒரு வாசலை வைத்தால், அந்த வாசலில் முதலில் மாட்டிக்கொள்வது உயரமான பெண், குரல் தடித்த பெண், முடியைக் குட்டையாக வெட்டிய பெண், மார்பில்லாத பெண், வெயிலில் உழைத்து முறுக்கேறிய உடம்புக்காரி. வசதியான வீட்டுப் பெண்ணை யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள்.

மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் மக்கள் ஒரு திருநங்கையை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. அவர் ஆண்தான் என்று சொல்லி நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. இது 2014க்கு முந்தைய கதை, அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்றது. ஆனாலும் ஒதுக்கீட்டைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடவில்லை. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்களே, அதை உடனே நடைமுறைப்படுத்தாமல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் கட்டிவைத்தவர்கள் யார்? திருநங்கைகளா? திருநர்கள் கேட்பது எல்லாச் சமூகப் பிரிவுகளுக்குள்ளும் தங்களுக்கென்று தனியாகச் சிறு பங்கு, கிடைமட்ட இட ஒதுக்கீடு. திருநர் உரிமைப் போராளி கிரேஸ் பானு போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகக் கரடியாய்க் கத்துவது அதற்குத்தான். பெண்ணின் பங்கில் கைவைக்காத கோரிக்கை அது. அதை நாம் நம் மேடையில் சேர்த்துச் சொன்னால், இடத்துக்காக அடித்துக்கொள்ளும் நிலைமையே வராது.

தமிழ்நாட்டில் நம் கண்முன்னே ஒரு சான்று ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதே ஆண்டில் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிந்தது. வீட்டு வேலைக்குப் போகும் அக்காவும், பூ விற்கும் அம்மாவும், கடை கடையாகக் காசு கேட்டுவிட்டுத் திரும்பும் திருநங்கையும் ஒரே பேருந்தில் கட்டணமில்லாமல் போகிறார்கள். அதனால் எந்தப் பெண்ணின் பயணம் குறைந்தது? மகளிர் உரிமைத் தொகையிலும் குடும்பத்தை நடத்தும் திருநங்கையைக் குடும்பத் தலைவியாகவே கணக்கில் எடுத்தார்கள். பெண்களின் கோரிக்கை அதனால் எள்ளளவும் சிறுக்கவில்லை.

இனி இளைய தோழர்களிடம் பேச வேண்டும். உங்கள் நெஞ்சில் ஈரம் இருக்கிறது, யாரையும் விலக்கக் கூடாது என்று துடிக்கிறீர்கள். அந்த ஈரத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு பெண் எழுந்து தன் கருப்பையைப் பற்றிப் பேசும்போது குறுக்கே விழாதீர்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி வெட்டு, அபராதம் என்பதால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் கருப்பையையே எடுத்துவிடுகிறார்கள் என்ற செய்தி 2019இல் நாடெங்கும் வந்தது. அதை வேறு எந்தச் சொல்லால் சொல்வது? இந்த நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையோடு இருக்கிறார்கள் என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு. பெண் சிசு என்று தெரிந்து கலைப்பதும், பேறுகாலத்தில் சாவதும், பிள்ளை பெற்றவளை வேலையைவிட்டு நிறுத்துவதும் பெண் உடலோடு பிறந்ததால் வரும் கொடுமைகள். அவற்றை அவற்றின் பெயரால் சொல்ல விடுங்கள். எந்தத் திருநங்கையும் அந்தப் பெண்ணின் வாயைக் கட்டச் சொல்லி உங்களை அனுப்பவில்லை. கருப்பை உள்ள திருநம்பிகளும் மகப்பேறு மருத்துவரிடம் போகக் கூசி நோயை மறைத்துக் கிடக்கிறார்கள், அதையும் அதே மேடையில் சொல்லுங்கள். பேசுபவளின் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள். அதிலும் கூலிக்காரப் பெண் பேசும்போது, நேற்று இணையத்தில் படித்த சொல்லை வைத்து அவளைத் திருத்துவது அநீதி.

சேர்ந்து நிற்பதில் கடினமான இடம் ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. அடிபட்டு வந்த பெண்கள் தங்கும் இல்லத்திலும், வல்லுறவுக்கு ஆளானவர்கள் உட்கார்ந்து பேசும் சிறு வட்டத்திலும், ஆண் குரல்போல ஒன்று காதில் விழுந்தாலே உடல் நடுங்கும் பெண் இருப்பாள். அந்த நடுக்கத்துக்காக அவளைப் பிற்போக்கு என்று திட்டாதீர்கள், அவள் நினைத்து வரவழைத்துக்கொண்டதா அது? கனடாவின் வான்கூவரில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கு உதவும் பழைய அமைப்பு ஒன்றில் 1995இல் தன்னார்வலராகப் பயிற்சிக்கு வந்த ஒரு திருநங்கையை, பெண்ணாகவே வளராதவர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் வாழ்க்கைத் துணையிடம் அடிவாங்கித் தப்பியவர். மனித உரிமைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது, மேல் நீதிமன்றங்கள் அமைப்பின் பக்கம் நின்றன, 2007இல் கனடா உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள். அடிபட்ட பெண்களுக்காகத் தொடங்கிய அமைப்பும், அடிபட்ட ஒரு திருநங்கையும் அத்தனை ஆண்டுகளை வழக்கறிஞர்களோடு கழித்தார்கள். நம்மூரில் அப்படி ஒன்று நடக்க விடாதீர்கள். ஒரு சிறு வட்டத்தில் யார் உட்காருவது என்பதை அந்த வட்டத்தில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும். தனி அறை ஒதுக்கலாம், தனி நேரம் வைக்கலாம், இரண்டும் முடியாத இடத்தில் இன்னொரு இல்லம் கேட்டுப் போராடலாம். திருநர்களுக்கென்று ‘கரிமா கிரே’ என்ற பெயரில் அரசு சில தங்குமிடங்களைத் தொடங்கியது. தேவைக்கு அது எள்முனை. பெண்களுக்கான இல்லங்களும் போதாது. போதாத இரண்டையும் பெருக்கக் கேட்பதை விட்டு, இருக்கும் ஒன்றுக்குள் யார் என்று அடித்துக்கொண்டால் மகிழ்கிறவர்கள் வேறு.

ஆனால் அந்தச் சிறு அறையின் நியாயத்தைத் தெருவுக்கு இழுத்து வராதீர்கள். தெரு யாருக்கும் புகலிடமாகக் கட்டப்பட்டதில்லை. ஊர்வலத்தில் நடக்கும் எவரிடமும் உடலைப் பற்றிக் கேட்க யாருக்கும் வேலை இல்லை. இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்பால் பெண்ணாக இருப்பவரையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். அது அந்த நாட்டின் ஒரு சட்டத்துக்குச் சொன்ன பொருள். நம் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே வேறு வழியில் நடந்துவிட்டது. நம் ஊரில் பதினைந்து வயதில் வீட்டைவிட்டு அடித்துத் துரத்தப்பட்டு, திருநங்கைகளின் ஜமாத்தில் மூத்தவளான ஒரு நானியின் நிழலில் வளர்ந்து, கடை கேட்டும் பாலியல் தொழில் செய்தும் வயிறு கழுவுகிறவளை முன்னால் வைத்துக்கொண்டு, லண்டன் தீர்ப்பைப் பேசுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

திருநங்கைத் தோழியரே, உங்களிடமும் கேட்கிறேன். அங்கன்வாடிப் பெண்கள் ஊதியத்துக்குப் போராடும் அன்றைக்கும் வாருங்கள். வரதட்சணைச் சாவுக்கு நீதி கேட்கும் கூட்டத்திலும் உங்கள் குரல் கேட்கட்டும். அடிவாங்கும் மனைவியின் கதையைக் கேட்கும்போது, எங்களுக்கு அதைவிட மோசம் என்று தொடங்காமல் அவள் முடிக்கும்வரை கேளுங்கள். உங்களில் பலர் இதை ஏற்கெனவே செய்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கூட்டம் நடத்துகிறவர்களே, திருநங்கையைத் தொடக்கத்தில் ஆட மட்டும் கூப்பிடாதீர்கள். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ‘இரண்டு நிமிடம் பேசுங்கள்’ என்று மைக்கைக் கொடுப்பது அவமதிப்பு. கோரிக்கை எழுதும் குழுவில் அவர்களை உட்காரவையுங்கள். கேமரா அவர்கள் பக்கம் போனால் அவர்களிடமே கேளுங்கள், திருமண வல்லுறவைப் பற்றி அவர்கள் பேசட்டும். பிரசவ வார்டின் நிலைமையை ஒரு தாய் பேசும்போது அவள் பக்கத்தில் ஒரு திருநங்கை பதாகையைப் பிடித்து நிற்கட்டும். காவல்துறை ஒருவேளை ஊர்வலத்தில் ஒரு திருநங்கையை மட்டும் தனியாக இழுத்தால், மற்ற எல்லாரும் அங்கேயே தரையில் உட்காருங்கள்.

புதிய சட்டத்தில் 377க்கு ஈடில்லாத ஓட்டையைக் காட்டி 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. மத்திய அரசு சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் ஒரு குற்றத்தைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று கையை விரித்தது. திருமண வல்லுறவு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே மாதம் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு, கணவனின் குற்றத்தை வல்லுறவு என்று சொல்வது மிகக் கடுமை என்று 2024 அக்டோபரில் எழுதிக் கொடுத்தது. இரண்டு வழியும் போய் நிற்பது நாடாளுமன்றத்தின் முன்னால்தான்.

ஆகவே அடுத்த ஆயத்தக் கூட்டத்தில், யார் வரலாம் யார் வரக்கூடாது என்ற பேச்சை எடுக்காமல் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். 63ஆம் பிரிவின் இரண்டாவது விலக்கை நீக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். பாதிக்கப்படுபவர் யாராக இருந்தாலும் வல்லுறவு வல்லுறவே, குற்றவாளியை ஆண் என்றே வை என்று அதன்கீழ் இன்னொரு வரி. கல்யாணமான ஒரு பெண்ணும் ஒரு திருநங்கையும் அதில் முதல் இரண்டு கையெழுத்துகளைப் போடட்டும். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே அந்த இருவரும் சேர்ந்து உங்கள் தொகுதி உறுப்பினரின் வீட்டுக்குப் போய், அதை அவர் கையில் கொடுத்து, அவையில் என்றைக்குப் பேசுவீர்கள் என்று தேதி கேட்டுவிட்டு வரட்டும்.